காகிதப் பனி

என் வேலை பொத்தான்கள்.
மெய்க்காவல் அங்கியில் எட்டா ஒன்பதா,
பதக்கம் எந்தப் பக்கம், நாடா எந்த நீலம்.
சம்பளச் சீட்டில் ‘வரலாற்று ஆலோசகர்’ என்றிருக்கும்.
தளத்தில் எல்லோருக்கும் நான்
பொத்தான் குட்ரூன்.

எந்த அரசர் என்று கேட்காதீர்கள்.
டென்மார்க்கில் நூற்றாண்டுக் கணக்கில்
இரண்டே பெயர்கள், முறை வைத்து.
அவருக்கும் தங்கைக்கும் ஒரு நவம்பர் இரவு
ஏதோ நடந்தது.
விடிந்ததும் தங்கை பாரிஸுக்கு ரயிலேறினார்.
பிறகு வரவேயில்லை.
காப்பகத்தில் அந்த இரவுக்கு இருப்பது
சமையலறைக் குறிப்பேட்டில் ஒரு வரி:
“தேநீர், இருவருக்கு. தொடாமல் திரும்பியது.”

மாலெனே அதை இரண்டு முறை படித்தாள்.
இதை வைத்து ஐம்பத்தெட்டு நிமிடம் எப்படி ஓட்டுவது என்றாள்.
பதினோரு பக்க வசனம் வந்தது,
அலறல் வந்தது,
உடைவதற்கென்றே ஒரு நீலச் சாடி வந்தது.
கோப்பையின் அடி முத்திரை
அந்த ஆண்டினதுதானா என்று மட்டும்
என்னைக் கேட்டார்கள்.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
அதே ஆண்டு.
பெருமையாகக்கூட இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
பருக்கை ஒவ்வொன்றும் அசலென்றால் முடியும்.
பருக்கை பொறுக்கித் தந்தவள் நான்.

அரண்மனை எங்களுக்குக் கதவு திறக்காது.
ஃப்யூன் தீவில், கடனில் மூழ்கிய ஒரு பிரபுவின் மாளிகை,
நாள் வாடகைக்கு.
கதவோரப் பணியாளாக நிற்க
நீபோர்க்கிலிருந்து ஒரு துணைநடிகர் வந்தார்.
ஆக்சல் தோருப். எண்பத்தாறு வயது.
கழுத்துப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்,
கண்ணாடி பார்க்காமல், இடக்கையால்.
பழக்கமோ என்றேன்.
நாலு வருஷம் அங்கேதான் நின்றேன், என்றார்.
அந்த இரவும்.

உள்ளே என்ன நடந்தது?

கனமான கதவு. ஒன்றும் கேட்கவில்லை.
தட்டை எடுக்கப் போனபோது
இருவரும் ஜன்னலைப் பார்த்து நின்றார்கள்.
மழை.

ஓடிப்போய் மாலெனேயிடம் சொன்னேன்.
அவள் கெட்டவளில்லை. நிஜமாகவே யோசித்தாள்.
இரண்டு பேர் மழையைப் பார்ப்பதை
யார் பார்ப்பார்கள், குட்ரூன்?
அப்புறம், மழை இருட்டில் தெரியாது.
பனி வை.

வானிலைப் பதிவேட்டைக் காட்டினேன்:
ஏழு டிகிரி, தென்மேற்குக் காற்று.
பனி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.
காகிதம்தான், விசிறி வைத்து ஊதுவார்கள்.
பன்னிரண்டு முறை எடுத்தார்கள்.
பன்னிரண்டு சாடிகள்.
பன்னிரண்டு முறையும் ஆக்சல்
கதவோரம் விறைத்து நின்று
அன்று கேட்காத அலறலைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாடே பார்த்தது.
ஓடென்சேயில் ஒரு வரலாற்று ஆசிரியை
வகுப்பில் போட்டுக் காட்டினாளாம்,
நன்றி சொல்லி எழுதியிருந்தாள்.

வசந்தத்தில் நீபோர்க் போனேன்,
ஆக்சலின் சாட்சியை முறைப்படி பதிந்துகொள்ள.
அந்த ஒற்றை வரிக்கு ஒரு துணை வேண்டாமா?
காபி ஊற்றினார்.
கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பனி, என்று தொடங்கினார்.
முழங்கால் வரைக்கும் பனி அன்றைக்கு.
உள்ளே ஏதோ உடைந்தது. நீலச் சாடி.
இளவரசி கத்தினார் பாருங்கள்,
இன்னும் காதிலேயே இருக்கிறது.

பொய் சொல்கிறவர் முகமில்லை அது.
கண் கலங்கியிருந்தது.

மழை என்றீர்களே, ஆக்சல்.

மழையா?
பரிவோடு பார்த்தார் என்னை,
மறதிக்காரியைப் பார்ப்பதுபோல.

உறையின் மேல் தேதி, இடம், முழுப்பெயர்
எல்லாம் பிழையில்லாமல் எழுதினேன்.
‘நேரில் கண்டவர்’ என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

வெளியே வந்தால்
கோட்டுக் கைமடிப்பில் ஒரு வெள்ளைத் துணுக்கு.
போன வருஷத்துக் காகிதம்.
ஊதிவிடப் போனவள்
ஒரு கணம் நின்று,
உருகட்டும் என்று காத்திருந்தேன்.